பமீலா ரீடின் தியரி வார்டில் நோயாளிக்கு என்ன செய்கிறது?

பி.எஸ்சி. நர்சிங் மூன்றாம் ஆண்டு படிக்கும் ஒருவர் கேட்ட கேள்வி இது: "பமீலா ரீடின் செல்ஃப் டிரான்ஸென்டன்ஸ் தியரியைப் பரீட்சைக்காக மனப்பாடம் செய்துவிட்டேன். தன்னைத் தாண்டுதல், நலம் என்று பெட்டி போட்டு அம்புக்குறியும் வரைந்துவிடுவேன். ஆனால் வார்டில் நிற்கும்போது இதை வைத்து நோயாளிக்கு என்ன செய்வது என்று புரியவில்லை. இது கொஞ்சம் சாமியார் பேச்சு மாதிரி இருக்கிறதே?"

சாமியார் பேச்சு என்ற சந்தேகம் நியாயமானதுதான். தலைப்பைக் கேட்டால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். ஆனால் இந்தத் தியரி பிறந்த இடம் ஆசிரமம் கிடையாது, மனநல வார்டு. பமீலா ரீட் அமெரிக்காவின் வெய்ன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் மனநல நர்சிங் படித்தவர். 1982-ல் அங்கேயே முனைவர் பட்டம் வாங்கினார். அப்புறம் அரிசோனா பல்கலைக்கழகத்தில் நெடுங்காலம் பேராசிரியராக இருந்தார். அவரை உறுத்தியது முதியோரின் மனச்சோர்வு. ஒரே வயது, ஏறக்குறைய ஒரே மாதிரி உடல் உபாதைகள். ஒருவர் இடிந்துபோய்க் கிடக்கிறார், இன்னொருவர் நன்றாகவே இருக்கிறார். இந்த வித்தியாசம் எங்கிருந்து வருகிறது?

அந்தக் காலத்து உளவியல் பாடங்களில் வளர்ச்சி என்றால் குழந்தைப் பருவம், வாலிபம், அதோடு சரி. அதற்குப் பிறகு இறங்குமுகம்தான். 1970-களில் வாழ்நாள் வளர்ச்சி உளவியலாளர்கள் இதை மறுத்தார்கள். மனிதன் சாகும்வரை ஏதோ ஒரு விதத்தில் வளர்ந்துகொண்டே இருக்கிறான் என்றார்கள். ரீட் இந்தக் கருத்தை எடுத்துக்கொண்டார். கூடவே நீங்கள் இரண்டாம் ஆண்டிலேயே படித்துத் தலைசுற்றியிருக்கக்கூடிய மார்த்தா ராஜர்ஸ் என்ற நர்சிங் தியரி அறிஞரையும் சேர்த்துக்கொண்டார். மனிதனும் சுற்றுப்புறமும் பிரிக்க முடியாதபடி கலந்திருக்கின்றன என்பது ராஜர்ஸின் வாதம். அப்படியென்றால் 'நான் இவ்வளவுதான்' என்று நாம் போட்டுக்கொள்ளும் கோடு நாமே மனதில் போட்டது. அது சுருங்கும், விரியும். நோய் வந்தால் சுருங்கியே தீரும் என்று கட்டாயம் இல்லை. 1991-ல் ரீட் வெளியிட்ட தியரியின் மையம் இதுதான்.

பரீட்சையில் வரும் மூன்று கருத்துகளைச் சட்டென்று பார்த்துவிடுவோம். முதலாவது, 'எனக்கும் முடிவு உண்டு' என்று ஒருவர் உணரும் நிலை, ஆங்கிலத்தில் வல்னரபிலிட்டி. புற்றுநோய் என்று தெரியவருவது, முதுமை, துணையை இழப்பது எல்லாம் இதில் அடங்கும். ரீட் இதை பலவீனம் என்ற பொருளில் மட்டும் சொல்லவில்லை. மனிதர்கள் தன் கோட்டைத் தாண்டிப் பார்க்கத் தொடங்குவது பெரும்பாலும் இந்த இடத்திலிருந்துதான் என்கிறார். இரண்டாவது, தன்னைத் தாண்டுதல், அதாவது செல்ஃப் டிரான்ஸென்டன்ஸ். இது நான்கு பக்கம் போகலாம்: உள்ளே தன் நம்பிக்கைகளையும் ஆசைகளையும் நோக்கி, வெளியே மற்றவர்களையும் சுற்றுப்புறத்தையும் நோக்கி, காலத்தில் முன்னும் பின்னும், கண்ணுக்குத் தெரியாத பெரிய ஒன்றை நோக்கி. மூன்றாவது, நலம். நோய் இல்லாமல் இருப்பது என்ற அர்த்தத்தில் இல்லை. தன் கணக்குப்படி தான் முழுமையாக இருப்பதாக ஒருவர் உணர்வது. இவை எவ்வளவு தூரம் வேலை செய்யும் என்பதை அந்த ஆளின் வயது, படிப்பு, குடும்பம், சூழல் எல்லாம் கூட்டும், குறைக்கும். நர்ஸ் கை வைக்கக்கூடிய இடங்கள் இந்தக் கடைசி வாக்கியத்திலும் இரண்டாவது கருத்திலும் இருக்கின்றன.

இனி சாமியார் சந்தேகத்துக்கு வருவோம். அதைத் தீர்த்துக்கொள்ளத் தியரியை விட ரீட் உருவாக்கிய அளவுகோலைப் படிப்பது நல்லது. மொத்தம் 15 வாசகங்கள். ஒவ்வொன்றும் தன் வாழ்வுக்கு எவ்வளவு பொருந்துகிறது என்று நோயாளி 1 முதல் 4 வரை மதிப்பெண் கொடுக்க வேண்டும். ஆகக் குறைந்தது 15, அதிகபட்சம் 60. அந்த வாசகங்கள் எதைக் கேட்கின்றன என்று பாருங்கள். ரசித்துச் செய்ய ஒரு பொழுதுபோக்கு இருக்கிறதா, வயதாவதை ஏற்றுக்கொள்கிறேனா, உடம்பில் வந்த மாற்றங்களுக்கு ஏற்ப நடந்துகொள்கிறேனா, என் அனுபவத்தை மற்றவர்களுடன் பகிர்கிறேனா, ஏதோ ஒரு வகையில் யாருக்காவது உதவுகிறேனா, புதிதாக ஏதாவது கற்றுக்கொள்வதில் ஆர்வம் இருக்கிறதா, ஒரு காலத்தில் பெரிதாகத் தெரிந்தவற்றை விட்டு நகர முடிகிறதா, சாவும் வாழ்வில் ஒரு பகுதி என்று ஏற்கிறேனா. ஆன்மீக நம்பிக்கையைப் பற்றி நேரடியாகக் கேட்பது ஒரே ஒரு வாசகம். கடவுள் நம்பிக்கையே இல்லாத ஒருவர்கூட இதில் நல்ல மதிப்பெண் வாங்க முடியும்.

அந்த 15-ல் எனக்கு மிகவும் பிடித்த வாசகம் ஒன்று உண்டு: தேவைப்படும்போது மற்றவர்கள் எனக்கு உதவ இடம் கொடுக்கிறேன் என்பது. தன்னைத் தாண்டுதல் என்றால் தியாகம், தொண்டு என்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள் இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். பெட்பேன் கேட்கக் கூச்சப்பட்டு மணிக்கணக்காக அடக்கிக்கொண்டு கிடக்கிற வாத்தியாரை நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஊருக்கே உதவியவராக இருப்பார், தனக்கு உதவி கேட்க மட்டும் வாய் வராது. ரீடின் கணக்கில் அவர் தாண்ட வேண்டிய கோடு அங்கே இருக்கிறது. 'கூப்பிடுங்க, அதுக்குத்தானே இருக்கோம்' என்று நர்ஸ் சொல்வதும், பெட்பேன் வைக்கும்போது திரையை ஒழுங்காக இழுத்துவிடுவதும், முகம் சுளிக்காமல் இருப்பதும் இந்தத் தியரியின் பிரயோகம்தான்.

டயாலிசிஸ் யூனிட்டில் இதைக் கண்கூடாகப் பார்க்கலாம். நான் பல வருடம் வேலை பார்த்த இடம் என்பதால் அதையே சொல்கிறேன். முதல் முறை வருகிறவர் முகம் வெளிறிப்போய் இருக்கும். நான்கு மணி நேரம் படுக்க வேண்டும், வாரத்துக்கு இரண்டோ மூன்றோ தடவை வர வேண்டும், இனி வாழ்நாள் முழுக்க இப்படித்தான் என்று அப்போதுதான் உறைக்கத் தொடங்கியிருக்கும். டயாலிசிஸுக்காகக் கையில் ரத்தக்குழாய்களை இணைத்துச் செய்யும் ஃபிஸ்டுலாவின் பராமரிப்பைச் சொல்லிக்கொடுப்போம். அந்தக் கையில் பிபி பார்க்க விடக்கூடாது, ஊசி போட விடக்கூடாது, பாரம் தூக்கக்கூடாது, தினமும் தொட்டுப் பார்க்க வேண்டும். தலையை ஆட்டுவார், ஒன்றும் உள்ளே இறங்காது. பக்கத்துக் கட்டிலில் நெடுநாளாக வந்துபோகும் ஒரு அம்மா இருந்தார், காய்கறிக் கடை வைத்திருந்தவர். புதிதாக வந்த பையனின் விரலைப் பிடித்துத் தன் முழங்கை மடிப்பில் வைத்தார். "உர்ருனு ஓடுதா? பூனை உறுமுற மாதிரி? இது ஓடுற வரைக்கும் நமக்குக் கவலை இல்ல தம்பி. காலையில பல்லு விளக்கின கையோட தொட்டுப் பாத்துடு. சத்தம் நின்னா உடனே ஓடியாந்துடணும்." அப்புறம் தண்ணீர்க் கணக்கு. ஒரு நாளைக்கான தண்ணீரைக் காலையிலேயே ஒரு பாட்டிலில் ஊற்றி வைத்துக்கொள்வது, டீ, ரசம் குடித்தால் அந்த அளவைப் பாட்டிலிலிருந்து கீழே ஊற்றிவிடுவது, நாக்கு வறண்டால் ஐஸ் துண்டு. இளநீர் பக்கமே போகக்கூடாது என்று சொல்லும்போது மட்டும் அவர் குரல் கொஞ்சம் இறங்கும்.

இதில் பையனுக்குக் கிடைத்தது வெளிப்படை. அந்த அம்மாவுக்கு என்ன கிடைத்தது என்பதுதான் ரீடின் கேள்வி. கடையை மகனிடம் விட்டாயிற்று, சமையலில் உப்புக் குறைக்க வேண்டும் என்பதால் அடுப்பங்கரையும் மருமகள் கைக்குப் போயிற்று. வீட்டில் அவர் பார்த்துக்கொள்ளப்பட வேண்டியவர் மட்டுமே. யூனிட்டில் விஷயம் தெரிந்தவர். சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் அளவு இதனால் இறங்கப்போவதில்லை. ஆனால் அந்த வாரங்களில் அவர் டயாலிசிஸைத் தவறவிட்டதில்லை, வரும்போதே "அந்தத் தம்பி வந்தாச்சா சிஸ்டர்?" என்று கேட்டுக்கொண்டு வருவார். அடுத்தடுத்த கட்டில் கொடுத்தது தவிர நாங்கள் பெரிதாக ஒன்றும் செய்துவிடவில்லை. ஆனால் அந்த ஷெட்யூலை யோசித்துத்தான் போட்டோம்.

ஒரு அம்மாவை வைத்துத் தியரியை நிரூபிக்க முடியாது என்று சொல்வீர்கள். சரிதான். ஆராய்ச்சிகள் என்ன சொல்கின்றன என்று பார்ப்போம்.

ரீட் 1991-ல் வெளியிட்ட ஓர் ஆய்வில் 80 முதல் 97 வயது வரையிலான 55 பேரைப் பார்த்தார். தன்னைத் தாண்டும் தன்மை அதிகமாக இருந்தவர்களிடம் மனச்சோர்வு குறைவாக இருந்தது. அவர்களின் பேச்சிலிருந்து நான்கு விஷயங்களையும் பிரித்தெடுத்தார்: அடுத்த தலைமுறைக்கு எதையாவது கொடுப்பது, உள்முகமாகச் சிந்திப்பதும் கற்பதும், கடந்ததையும் வரப்போவதையும் இன்றோடு சேர்த்துப் பார்ப்பது, உடம்பு தரும் தொல்லைகளே தன் முழு அடையாளம் என்று ஆகிவிடாமல் இருப்பது. அதற்கு முன்பே, 1987-ல், இறுதிக்கட்ட நோயாளிகள் 100 பேர், மருத்துவமனையில் இருந்த மற்ற நோயாளிகள் 100 பேர், ஆரோக்கியமானவர்கள் 100 பேர் என்று மூன்று குழுக்களை ஒப்பிட்டிருந்தார். அதில் ஆன்மீக நோக்கு கூடுதலாக இருந்தது இறுதிக்கட்டத்தில் இருந்தவர்களிடம்தான். முடிவு நெருங்கும்போது மனிதர்கள் தாண்டிப் பார்க்கத் தொடங்குகிறார்கள் என்ற எண்ணத்துக்கு அது ஒரு விதை.

டோரிஸ் கோவார்ட் என்ற நர்ஸ் ஆராய்ச்சியாளர் இதை முற்றிய மார்பகப் புற்றுநோய் உள்ள பெண்களிடமும், எய்ட்ஸ் நோயாளிகளிடமும் கொண்டுபோனார். பிறகு மார்பகப் புற்றுநோய் என்று புதிதாகத் தெரியவந்த பெண்களுக்கு ஆதரவுக் குழு நடத்திப் பார்த்தார். அந்தக் குழுவில் நடந்தவை நம் காதுக்குச் சாதாரணமாகத்தான் படும்: தன் தேவையை டாக்டரிடம் தயங்காமல் கேட்கப் பழகுவது, உடலைத் தளர்த்தும் பயிற்சி, தனக்கு எது முக்கியம் என்று யோசித்துப் பார்ப்பது, சந்தோஷம் தரும் வேலைகளைத் திட்டமிடுவது, வாழ்ந்த வாழ்க்கையைத் திரும்பிப் பார்ப்பது. நார்வேயில் கோரில் ஹௌகன் என்பவரும் அவருடைய குழுவும் 44 முதியோர் இல்லங்களில், நினைவாற்றல் நன்றாக இருந்த 202 பேரிடம் கேட்டார்கள். நர்ஸ் தன்னை மதித்துப் பேசுகிறார், காது கொடுத்துக் கேட்கிறார் என்று உணர்ந்தவர்களிடம் நம்பிக்கையும் வாழ்வில் அர்த்தம் இருப்பதான உணர்வும் தன்னைத் தாண்டும் தன்மையும் கூடுதலாக இருந்தன. எனக்கு இது எல்லாவற்றிலும் முக்கியமான முடிவு. ஏனென்றால் இதில் தனி சிகிச்சை எதுவும் இல்லை. மாத்திரை கொடுக்கும்போதும் குளிப்பாட்டும்போதும் நாம் பேசுகிற விதம் மட்டுமே இருக்கிறது.

ஒரு எச்சரிக்கை. இந்த ஆய்வுகளில் பெரும்பாலானவை ஒரே சமயத்தில் இரண்டையும் அளந்து, சேர்ந்து இருக்கின்றன என்று சொல்பவை. தன்னைத் தாண்டுவதால் மனம் நன்றாக இருக்கிறதா, மனம் நன்றாக இருப்பதால் தாண்ட முடிகிறதா என்பதை இவற்றை வைத்து மட்டும் பிரித்துச் சொல்ல முடியாது. மனச்சோர்வில் இருக்கிறவருக்குப் பொழுதுபோக்கிலும் ஆர்வம் இருக்காது, மற்றவருக்கு உதவவும் தெம்பு இருக்காது. பரீட்சையில் இதையும் இரண்டு வரி எழுதுங்கள். எக்ஸாமினர் கோபப்பட மாட்டார்.

சரி, வார்டில் என்ன செய்வது. முதலில் வலி. மார்பின் போட வேண்டிய நேரம் தாண்டிப் பல்லைக் கடித்துக்கொண்டு கிடப்பவரிடம் வாழ்வின் அர்த்தம் பற்றிப் பேசுவது குரூரம். வலி, மூச்சுத்திணறல், வாந்தி, தூக்கமின்மை இவற்றைக் கவனித்த பிறகுதான் மற்றதெல்லாம். அதே மாதிரி, தாண்டச் சொல்லி யாரையும் தள்ளக்கூடாது. "பாசிட்டிவா இருங்க", "எல்லாம் நல்லதுக்குத்தான்" என்ற பேச்சுக்கும் இந்தத் தியரிக்கும் சம்பந்தம் இல்லை. சொல்லப்போனால் எதிர். அந்த வார்த்தைகள் நோயாளியின் வாயை அடைத்துவிடும்.

மற்றபடி நீங்கள் ஏற்கெனவே செய்கிற வேலைகளுக்குள்ளேயே இதற்கு இடம் இருக்கிறது. டிரெஸ்ஸிங் மாற்றும் பத்து நிமிடத்தில் "நீங்க என்ன வேலை பாத்தீங்க அய்யா?" என்று கேட்கலாம். பதில் ஒரு வரியில் முடியாது. தறி ஓட்டியவர் என்றால் பாவு எப்படி ஏற்றுவது என்று சொல்ல ஆரம்பிப்பார். குறுக்கே பேசாதீர்கள். பேரப்பிள்ளைக்கு ஒரு குரல் பதிவு அனுப்ப வேண்டும் என்று ஒரு பாட்டி சொன்னால் செல்போனைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஜன்னலோரக் கட்டில் காலியானால் நெடுநாள் படுத்திருப்பவரை அங்கே மாற்ற முடியுமா என்று இன்சார்ஜ் சிஸ்டரிடம் கேளுங்கள். தொழுகை நேரத்துக்கும் விபூதிக்கும் ஜெபத்துக்கும் ஊசி நேரத்தைக் கொஞ்சம் முன்பின் ஆக்க முடிந்தால் ஆக்குங்கள். நம்பிக்கை இல்லாதவரிடம் அதைத் திணிக்காதீர்கள். உள்ளே, வெளியே, காலம், அதற்கு அப்பால் என்ற நான்கு பக்கமும் இப்படிச் சின்ன வேலைகளில் வந்துவிடும். ஒரே ஆளிடம் நான்கையும் தேட வேண்டியதில்லை. சிலருக்கு ஒரு பக்கக் கதவுதான் திறக்கும், அது போதும்.

நம் ஊரில் இந்தத் தியரி முட்டி நிற்கும் இடம் ஒன்று உண்டு, அதைப் பாடப்புத்தகம் சொல்லாது. "அப்பாகிட்ட கேன்சர்னு சொல்லிடாதீங்க சிஸ்டர்." புற்றுநோய் வார்டில் போஸ்டிங் போன யாரும் இதைக் கேட்காமல் திரும்பியிருக்க மாட்டீர்கள். தன் முடிவைப் பற்றிய உணர்விலிருந்து ஆள் தாண்டத் தொடங்குகிறார் என்று ரீட் சொல்லும்போது, அவருக்கு விஷயமே தெரியவில்லை என்றால் எங்கிருந்து தொடங்குவது? என் கருத்து: பெரும்பாலான நோயாளிகளுக்குத் தெரியும். முடி கொட்டுகிறது, மகள் பாத்ரூமில் அழுதுவிட்டு வருகிறாள், சொந்தக்காரர்கள் திடீரென்று வரிசையாகப் பார்க்க வருகிறார்கள். தெரிந்தும் தெரியாத மாதிரி இரண்டு பக்கமும் நடிப்பதில் அவர் தனியாகிவிடுகிறார். சொல்ல வேண்டிய கடன் கணக்கு, பிரித்துக் கொடுக்க வேண்டிய நிலம், மன்னிப்புக் கேட்க வேண்டிய தம்பி என்று எத்தனையோ உள்ளே நின்றுவிடும். நோயின் பெயரை அறிவிப்பது மாணவியான உங்கள் வேலை இல்லை, அதை டாக்டரும் குடும்பமும் சேர்ந்து செய்ய வேண்டும். ஆனால் "எனக்கு என்னம்மா ஆச்சு?" என்று அவர் கேட்டால் "ஒண்ணும் இல்ல தாத்தா" என்று பொய் சொல்லாமல், "நீங்க என்ன நினைக்கிறீங்க தாத்தா?" என்று திருப்பிக் கேட்க உங்களால் முடியும். அவர் சொல்வதைக் கேட்டுவிட்டு இன்சார்ஜிடம் சொல்லுங்கள். குடும்பத்திடமும், "அவர் ஏதோ பேச ஆசைப்படுகிறார், கொஞ்ச நேரம் உட்காருங்கள்" என்று சொல்லலாம். அதற்கு நோயின் பெயரை எடுக்கத் தேவையில்லை.

மறதி நோய் உள்ளவர்களுக்கு இது பொருந்துமா என்று கேட்பார்கள். 15 வாசகங்களைப் படித்து மதிப்பெண் போட அவர்களால் முடியாமல் போகலாம், அளவுகோலுக்கு அது எல்லை. ஆனால் பூ கட்டத் தெரிந்த கை மறதி வந்த பிறகும் நெடுநாள் பூ கட்டும். கட்டிய சரத்தை வாங்கித் தலையில் வைத்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டும், அவ்வளவுதான். அமெரிக்காவில் அல்சைமர் நோயாளிகளுக்குக் கலை வேலைகள் கொடுத்துப் பார்த்த நர்ஸ்களும் இந்தத் தியரியைத்தான் கையில் வைத்திருந்தார்கள்.

நர்ஸ்களுக்கும் இதில் ஒரு பங்கு இருக்கிறது. இறுதிக்கட்ட நோயாளிகளைக் கவனிக்கும் ஹாஸ்பிஸ் நர்ஸ்களையும் புற்றுநோய் நர்ஸ்களையும் ஒப்பிட்டு 2008-ல் வந்த ஓர் ஆய்வில் ரீடும் ஒரு ஆசிரியர். தன்னைத் தாண்டும் தன்மை அதிகமாக இருந்தவர்களிடம் வேலைச் சோர்வு குறைவாக இருந்தது. நிர்வாகங்கள் இந்த மாதிரி முடிவுகளைக் கேட்டால் உடனே 'மைண்ட்ஃபுல்னஸ் வகுப்பு' போட்டுவிட்டு ஆள் சேர்ப்பதை மறந்துவிடும். நைட் டியூட்டியில் ஒருத்தி தலையில் ஒரு வார்டையே கட்டிவிட்டு அவளைத் தாண்டச் சொல்வதில் அர்த்தமில்லை. சூழல் என்று ரீட் சொல்வதில் டியூட்டி ரோஸ்டரும் அடக்கம் என்றுதான் நான் வாசிக்கிறேன்.

கடைசியாக கேர் பிளான், அதாவது நோயாளிக்கு எழுதும் கவனிப்புத் திட்டம். மாணவர்களின் நோட்டில் "நோயாளி சோர்வாக இருக்கிறார், உளவியல் ஆறுதல் அளிக்கப்பட்டது" என்ற வரியைப் பார்த்துப் பார்த்து எனக்குச் சலித்துவிட்டது. அது யாரைப் பற்றியும் எதுவும் சொல்லவில்லை. அசெஸ்மென்டில் அவர் சொன்னதை அப்படியே எழுதுங்கள்: "வீட்டுக்கு நான் பாரமாயிட்டேன்." இலக்கில் "மூன்று நாளுக்குள் ஒரு முறையாவது பக்கத்துக் கட்டில் நோயாளியிடமோ பேரனிடமோ தன் தொழில் பற்றிப் பேசுவார்" என்று, பார்த்துச் சொல்லக்கூடியதாக எழுதுங்கள். இன்டர்வென்ஷனில் காலை பத்து மணிக்கு வீல்சேரில் வராந்தாவுக்குக் கூட்டிப்போவது, பேரன் வரும் விசிட்டிங் நேரத்துக்கு முன் வலி மருந்து வேலை செய்யும்படி நேரம் பார்த்துக் கொடுப்பது என்று போடுங்கள். இவாலுவேஷனில் அவர் பேசினாரா, பேசிய பிறகு என்ன சொன்னார் என்று எழுதுங்கள். பேசவில்லை, சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார் என்றால் அதையும் எழுதுங்கள். இரண்டு வாரம் அப்படியே போனால், சாப்பாடும் தூக்கமும் கெட்டிருந்தால், அது மனநல மருத்துவர் பார்க்க வேண்டிய மனச்சோர்வாக இருக்கலாம், ரெஃபரல் கேளுங்கள். சாக வேண்டும் போலிருக்கிறது என்று அவர் ஒரு வார்த்தை சொன்னால் இரண்டு வாரமெல்லாம் பார்க்காமல் அந்த டியூட்டியிலேயே இன்சார்ஜிடமும் டாக்டரிடமும் சொல்லிவிடுங்கள்.